உடைந்த முகத்தில் பசை

என் தம்பியைக் கொன்றது நீ. சாராயம் கொன்றது என்று ஊரை நம்ப வைத்ததும் நீ. உடைந்த போல்ட்டின் மேல் பசை வைத்து, நட்டை ஒட்டி, "பிரேக்கு பக்கா" என்று சொல்லி அவனை மலைக்கு அனுப்பினாய்.

நீ யார் என்பதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற சாலையில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறாய். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கேஸ் போடுவாய். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அது போதும். நான் மாவு மில் நடத்துகிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், கிளம்பினால் பத்து நாள் கழித்துதான் முகத்தைப் பார்க்க முடியும். மில்லில் கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது, ஆட்டம் கண்ட போல்ட்டை முடுக்குவது எல்லாம் நான்தான். இருபது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிற கை. அதனால் போல்ட்டைப் பற்றிப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று இதைத் தள்ளிவிடாதே. ஒரு முறை தள்ளிப் பார்த்தாய். அதற்கும் வருகிறேன்.

தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். என் வீட்டுக்குப் பின்வீட்டில் மனைவியோடும் மகளோடும் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிள் வண்டியில் பிளாஸ்டிக் குடமும் போர்வையும் கட்டிக்கொண்டு கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போவான். அங்கே ஊர் ஊராக விற்றுவிட்டு, புளியும் கடுக்காயும் சாமையும் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குவான். அவன் குடித்தவன்தான். அதை மறைக்கவில்லை. மகளுக்குக் காது குத்திய அன்று, மாமன் மடியில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது, பந்தியில் விழுந்து வாந்தி எடுத்தான். அன்றோடு விட்டான். ஒன்றரை வருடம் தொடவில்லை. சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பான். வாய் கேட்கிற நேரத்தில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இதான் என் சரக்கு" என்பான்.

வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மில்லை மூடியதும் வாசலில் சாக்கு விரிப்போம். அவன் வண்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வான். நான் குந்தியிருப்பேன். முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, "பத்து", "பன்னெண்டு", "பதினாலு" என்பான். அந்த நம்பர் ஸ்பேனரை உள்ளங்கையில் வைப்பேன். அந்தக் கை இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. மில் ஓடும்போது, பெல்ட்டுக்குக் கீழே, தரையோடு தரையாக, எண்ணெய் கறுத்த ஓர் உள்ளங்கை. நம்பர் சொல்வதில்லை. திரும்பிப் பார்த்தால் மாவுதான் கொட்டிக் கிடக்கும்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு பின் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. மலை இறங்குகிற வண்டிக்குப் பிரேக் கட்டை நிற்காது. புதுக் கட்டை போட வேண்டுமென்றால் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்ற, முதலில் ஒரு நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டு என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பிரேக் கட்டைகள் ஒரு வட்டத் தட்டில் உட்கார்ந்திருக்கும். பிரேக் பிடித்தால் அந்தத் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். சுழலாமல் அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு இரும்புப் பட்டை. பட்டையின் ஒரு முனை வண்டியில், மறுமுனை தட்டில். தட்டில் அதைச் சேர்த்திருப்பது ஒரே ஒரு போல்ட், அதன் மேல் ஒரு நட்டு. அது போனால் தட்டு சுற்றிக்கொண்டு போய் எல்லாவற்றையும் முறுக்கி, சக்கரத்தைப் பூட்டிவிடும். இது உனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டுதான் செய்தாய்.

அந்த நட்டு வரவில்லை. மலையின் செம்மண், மழை, கோமுகி வாய்க்காலில் வண்டியை இறக்கிக் கழுவுகிற பழக்கம், எல்லாம் சேர்ந்து போல்ட்டும் நட்டும் ஒரே இரும்பாகியிருந்தது. நான் டீசலில் கொஞ்சம் ஆயில் கலந்து, இறகால் தொட்டு, திரட்டு என்கிற மரையின் ஓரத்தில் சொட்டு விட்டேன். சுத்தியலால் லேசாக நாலு பக்கமும் தட்டினேன். இறுகின போல்ட்டோடு மல்லுக்கு நிற்கக் கூடாது, எண்ணெய் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். மனிதர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இரும்பிடம் உண்டு.

அவனுக்கு இரும்பிடமும் இல்லை. ஸ்பேனர் வாலில் தண்ணீர்க் குழாயைச் சொருகி, நீளமாக்கி, இழுத்தான். நானும் ஒரு கை போட்டேன். சேர்ந்து இழுத்தோம். உள்ளே எங்கோ கிறீச்சென்றது.

"திரும்பிடுச்சிக்கா."

"திரும்பலடா. போல்ட்டு முறுக்குது. உடு."

"இன்னும் ஒரு இழுப்பு."

"உடுன்னா உடு. ஒடைஞ்சா டிரில்லு போட்டுத்தான் எடுக்கணும். மூணு நாளு ஊறட்டும். தெனம் ரெண்டு சொட்டு உட்டா தானா வரும்."

"மூணு நாளு நான் இன்னா, நடந்தா மலையேறுவேன்? செவ்வாக்கெழம கொடம் எறக்கறன்னு சொல்லிக்கிறேன்."

"பஸ்ஸுல போ."

"இருவது கொடத்த பஸ்ஸுல எங்க வெப்பேன், உன் தலையிலயா?"

"அப்ப உன் மெக்கானிக்கு கிட்டயே போ. அவன் மந்திரம் போட்டுக் கழட்டுவான். இங்க வந்து என் உசுர வாங்காத."

போனான். நான்தான் போகச் சொன்னேன். இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாய், நானாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் வண்டியோடு திரும்பினான். பிரேக்கை மிதித்து மிதித்துக் காட்டினான். ஜெயித்துவிட்டு வந்தவன் மாதிரி முகம்.

"பாத்தியா. ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டான். நீ மூணு நாளுன்ன."

"எப்பிடிக் கழட்டுனான்?"

"யாருக்குத் தெரியும். எதிர்க்க டீ குடிச்சிக்கினு இருந்தேன். கட்ட மாத்திட்டான், பிரேக்கு பக்கான்னான்."

"புது போல்ட்டு போட்டானா?"

"போட்டிருப்பான்."

நான் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவன் ஜெயித்ததில் எனக்கு எரிச்சல். மில்லை மூடின பிறகும் மிளகாய் அரைக்க ஆள் நிற்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் பெயிண்ட். மோட்டார், கலப்பை, சைக்கிள், வண்டி எதுவானாலும் கழுவி ஒரு கை பூசிவிடுவோம். துரு, கீறல், கசிவு எல்லாம் உள்ளே போய்விடும். மேலே பளபளவென்று இருக்கும். சாமிக்குக் காட்டுவது அதைத்தான். மில் பெல்ட் மூடிக்கு அடித்த சில்வர் பெயிண்ட் மீதி இருந்தது. அவன் வண்டியின் பின் சக்கரத்துக்கு நானே பிரஷ் பிடித்து அடித்தேன். அந்தப் பட்டைக்கு அடித்தேன். நட்டுக்கு வந்தபோது, அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிதுங்கி நின்றது. நகத்தால் சுரண்டினேன். கல் மாதிரி இருந்தது. பழைய கிரீஸும் மண்ணும் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அதன் மேலேயே சில்வர் அடித்தேன். காய்ந்ததும் அந்த நட்டின் மேல் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன்.

அந்த வலது கை நகத்தை இப்போதும் வெட்டும்போதெல்லாம் பார்ப்பேன்.

மூன்று வாரம் அந்த நட்டு தாங்கியது. இங்கே சமவெளியில் பிரேக் பிடிப்பதெல்லாம் ஒரு பிடியா. ஆட்டுக்கு ஒரு மிதி, பஸ்ஸுக்கு ஒரு மிதி. ஐந்தாறு முறை மலைக்கும் போய் வந்தான். கடைசியாக இறங்கியபோது புளி மூட்டை இரண்டு. பாரம் ஜாஸ்தி. வளைவுக்கு வளைவு பிரேக். டிரம் சூடாகி, தட்டு சூடாகி, போல்ட் சூடாகி, பசை இளகியிருக்கிறது. நட்டு கழன்று விழுந்திருக்கிறது. பட்டை வெளியே வந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒரு போன் மட்டும். மலையில் அவன் சாமை வாங்குகிற வீட்டுக்காரர் பேசினார். மதிய நேரம். ஒரு அம்மாவுக்கு இடியாப்ப மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். மில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க" என்று கத்தினேன். அவர் சத்தமாகச் சொன்னார்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஒரு கவரில் அவன் சாமான்களைக் கொடுத்தார்கள். சீப்பு, உடைந்த போன், இரண்டு கடலை மிட்டாய். அதில் ஒன்று பாதி கடித்தது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டதும் முதல் ஆளாக வந்தாய். மாலை வாங்கிக்கொண்டு வந்தாய். பெஞ்சில் உட்கார்ந்தாய். எப்படி விழுந்தான் என்று ஆண்கள் பேச்செடுத்தார்கள். யாரோ பிரேக் என்ற வார்த்தையைச் சொன்னார்கள். உடனே நீ சொன்னாய்.

"பிரேக்குலாம் பக்காவா இருந்திச்சி. நான்தான பாத்தேன், இப்பதான் கட்ட மாத்துனேன். மேல போனா சும்மாவா வருவான். தண்ணி போட்டுக்கினு எறங்கிருப்பான்."

ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. கல்வராயன் மலை என்றாலே கீழே இருக்கிறவர்களுக்குச் சாராயம்தான் ஞாபகம் வரும். மலைச் சாலையில் எவன் விழுந்தாலும் குடித்துவிட்டு விழுந்தான். அதுவும் இவன் பழைய குடிகாரன். "அப்பவே நெனச்சேன்" என்றார் ஒருத்தர். பெஞ்சிலிருந்து பேச்சு எழுந்து உள்ளே பெண்கள் பக்கம் வந்தது. என் காதுக்கு வந்தது.

நான் நம்பினேன். கூடப் பிறந்தவள், கடலை மிட்டாய் கவரை மடியில் வைத்திருந்தவள், நம்பினேன். எழுந்து நின்று, தலைமாட்டில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "ஒன்றர வருசம் எங்கள ஏமாத்துனியாடா. குடிச்சே செத்தியேடா நாயே." அவன் தலைக்குக் கட்டியிருந்த துணியில் ஓங்கி அடிக்கக் கூடப் போனேன். பிடித்துக்கொண்டார்கள்.

தம்பியின் மனைவி மட்டும், "அவரு குடிக்கல" என்றாள். மறுபடி, "அவரு குடிக்கல அண்ணி" என்றாள். மூன்றாவது முறை சொல்லும்போது பறை ஆரம்பித்துவிட்டது.

வண்டி ஸ்டேஷனில் கிடந்தது. பொங்கல் கழிந்துதான் கொடுத்தார்கள். ஒரு மினி வேன் கொண்டுவந்து போட்டது. பின் சக்கரம் சுற்றவில்லை. விழுந்ததில் வளைந்திருக்கும் என்று நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். தார்பாய் போட்டு மூடினோம். மூடினாலும் அது வாசலில் இருந்தது. காற்றடித்தால் தார்பாய் படபடக்கும், அவன் உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி. ஒரு உதை, இரண்டு உதை, அப்புறம் நின்றுவிடும். அவன் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரை ஒட்டிப் போவாள். பள்ளியில் அவளைச் சாராயக்காரன் பொண்ணு என்று கூப்பிடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

பங்குனி வெயிலில் ஒரு நாள் அவள் அம்மா வந்து மில் வாசலில் நின்றாள்.

"அண்ணி, அந்த வண்டிய எங்கனா அனுப்பிடுங்க. அத எதிர்க்க வெச்சிக்கினு எப்பிடிச் சோறு துன்றது."

பழைய இரும்பு வாங்குகிறவன் வந்து பார்த்தான். "சக்கரம் சுத்தலியேம்மா. சுத்துனா தள்ளிக்கினு போயிடுவேன். இல்லன்னா நாலு ஆளு வேணும்" என்றான். சரி, சக்கரத்தை நானே விடுவிக்கிறேன், அடுத்த வாரம் வா என்றேன்.

சாக்கு விரித்தேன். தனியாக. சக்கரத்தின் நடு அச்சு நட்டு துருவேறி இறுகிப் போயிருந்தது. டீசலும் ஆயிலும் கலந்தேன். இறகு எடுத்தேன். முதல் நாள் இரண்டு சொட்டு, நாலு தட்டு. இரண்டாம் நாள் இரண்டு சொட்டு. மூன்றாம் நாள் இரண்டு சொட்டு. நான்காம் நாள் ஸ்பேனர் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். குழாய் இல்லாமல், சத்தமில்லாமல், பால்காரன் மூடியைத் திறக்கிற மாதிரி திரும்பியது. அன்றைக்குத்தான் நன்றாக அழுதேன். மூன்று நாள்தான் கேட்டேன். இரும்பு சொன்ன நேரத்துக்கு வந்தது.

சக்கரத்தை வெளியே இழுத்தேன். தட்டு முக்கால் சுற்று சுழன்று நின்றிருந்தது. பிரேக் கம்பி அதைச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. இரும்புப் பட்டை தட்டில் இல்லை, தனியாகத் தொங்கியது. வளையவில்லை, கிழியவில்லை. அதன் ஓட்டை வட்டமாக, நல்லபடியாக இருந்தது. நட்டு இல்லை. போல்ட் மட்டும் தட்டில் இருந்தது, மொட்டையாக, திரட்டு இருக்க வேண்டிய முனை இல்லாமல்.

விழுந்ததில் உடைந்திருக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் சாம்பல் நிறம் போகவில்லை. போல்ட்டைத் தட்டிலிருந்து உருவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி ஓட்டைக்கு இரண்டு கட்டியைப் பிசைந்து அடைப்பார்களே, அந்தப் பசை. போல்ட்டின் உடைந்த முகத்தின் மேல் ஒட்டியிருந்தது. ஓரத்தில் என் சில்வர் பெயிண்ட் ஒரு கோடாக இருந்தது. அதில் சிவப்பாக ஒரு பொட்டு அளவு குங்குமக் கறை.

வாசலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாவு அரைக்க வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். விழும்போது உடைந்த போல்ட்டென்றால் உடைந்த முகத்தில் பசை எப்படி வரும்? முதலில் உடைந்தது. பிறகுதான் பசை. அதற்குப் பிறகு என் பெயிண்ட். அதற்குப் பிறகு மலை.

அன்றைக்கே தம்பி மனைவியின் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் காகிதம் கவர் பிரிக்காமல் இருந்தது. வாங்கி வந்தவர்கள் படிக்கவில்லை, நாங்களும் படிக்கவில்லை. தெரிந்த காரணத்துக்கு எதற்குக் காகிதம் என்று வைத்துவிட்டோம். பஞ்சாயத்து ஆபீஸில் வேலை செய்கிற ஒரு அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வயிற்றில் சாராயம் இல்லை என்று எழுதியிருந்தது. ஐந்து மாதமாக எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே எழுதியிருந்தது.

மறுநாள் உன் கடைக்கு வந்தேன். நீ ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தாய். இரண்டு பேர் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாக்கா. இன்னா இம்மாந்தூரம்" என்றாய்.

கையை விரித்துக் காட்டினேன். "இது இன்னா சொல்லு."

"போல்ட்டு."

"எந்த வண்டி போல்ட்டு?"

"போல்ட்ட பாத்து வண்டி சொல்றதுக்கு நான் இன்னா ஜோசியக்காரனா."

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என் தம்பி வண்டி."

சிரிப்பு நின்றது. "வுழுந்ததுல ஒடைஞ்சிருக்கும்க்கா" என்றாய்.

"வுழுந்ததுல ஒடைஞ்சா ஒடைஞ்ச எடத்துல பசை எப்பிடி வந்துது? வுழுந்துக்கினே வெச்சானா?"

நீ போல்ட்டைக் கையில் வாங்கவில்லை. அதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். எந்த மெக்கானிக்கிடம் உடைந்த சாமானை நீட்டினாலும் அவன் கை தானாக வரும். வாங்கி, புரட்டி, வெளிச்சத்தில் பார்ப்பான். நீ கழிவுத் துணியில் கையைத் துடைத்தாய். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாய்.

"அக்காளும் தம்பியும் ஞாயித்துக்கெழமையானா கழட்டிப் போட்டுக்கினு ஒக்காந்துருப்பீங்களே" என்றாய். "நீங்க ஒடைச்சி நீங்களே ஒட்டிக்கினீங்களோ இன்னாவோ. பொம்பள கையில ஸ்பேனரு குடுத்தா இதான்."

டீ குடித்தவர்களில் ஒருத்தர், "போம்மா, குடிச்சிட்டு வுழுந்தான்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

"ஊருக்கு யாரு சொன்னது? இவன் சொன்னது" என்றேன். நீ செயினைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

நீ சொன்னதில் பாதி என்னைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் உடைத்தீர்களோ என்றாயே, அந்தப் பாதி. வீட்டுக்கு வந்து பசையைப் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் சாட்சிக்கு விட்டுவைத்தேன். உடைந்த முகம் முழுதாகத் தெரிந்தது. இரண்டு நிறம். ஒரு பக்கம், பிறை மாதிரி, கறுப்பேறிய துரு. மீதி வெளிறிய நிறம். ஒரே இழுப்பில் உடையாத போல்ட் அது. முதலில் கொஞ்சம் விரிசல் விட்டு, பிறகு உடைந்தது. அந்தப் பிறை என்ன என்று எனக்குத் தெரியாது. பழைய துருவாக இருக்கலாம். நாங்கள் குழாய் சொருகி இழுத்தபோது கிறீச்சென்றதே, அதுவாகவும் இருக்கலாம். அதில் என் ஒரு கையும் இருந்தது.

எத்தனையோ நாள் அதை யோசித்தேன். மில்லில் கை ஒரு வேலை செய்யும், மனசு குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ஒன்று தெளிவாயிற்று. போல்ட் உடைவது குற்றம் இல்லை. யார் கையிலும் உடையும். என் கையிலேயே பத்துப் பதினைந்து உடைந்திருக்கிறது. உடைந்தால் உடைந்தது என்று சொல்ல வேண்டும். "ஒடைஞ்சிடுச்சி தம்பி, டிரில்லு போட்டு எடுக்கணும், நாளைக்கு வா" என்று நீ சொல்லியிருந்தால், அவன் உன்னைத் திட்டியிருப்பான், என்னையும் திட்டியிருப்பான், பஸ்ஸில் போயிருப்பான். குடம் ஒரு வாரம் கழித்து விற்றிருக்கும்.

ஐப்பசியில் அவனுக்கு முதல் வருடத் தெவசம் வந்தது. இறப்புக்கு வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். உன்னையும் கூப்பிட்டேன், ஆள் விட்டுக் கூப்பிட்டேன். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். ஒரு வருடத்துக்கு முன் கத்தின அதே இடம்.

"எந்தம்பி குடிக்கல. குடிச்சே செத்தான்னு இதே எடத்துல நான் கத்துனேன். அது பொய். கொழா போட்டு இழுத்தவங்கள்ல நானும் ஒருத்தி. மெக்கானிக்கு கிட்ட போன்னு தொரத்தி உட்டவ நான். பசை மேல பெயிண்ட் அடிச்சவ நான். அவன் குடிக்கல. ஆஸ்பத்திரி காய்தம் இருக்குது, படிச்சிக்கோங்க."

எங்கள் சித்தப்பா ஒருத்தர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "செத்து ஒரு வருசம் ஆவுது, இப்ப இன்னாத்துக்கும்மா இதெல்லாம். சாம்பார ஊத்து" என்றார். சிலர் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். தம்பியின் மனைவி சாம்பார் வாளியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரு வருசம் லேட்டு அண்ணி" என்றாள். போய்ச் சித்தப்பாவுக்கு ஊற்றினாள்.

அவள் சொன்னது சரி.

நீ வரவில்லை. உன் வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு என் மொபட்டைப் பார்த்தால் கடைக்குள் போய்விடுகிறாய். போன வாரம் ஒருத்தர் மில்லுக்கு வந்தபோது சொன்னார், நீ இன்னமும் கேட்கிறவர்களிடம் அதைத்தான் சொல்கிறாயாம். அக்காள்காரி தம்பி மானத்தைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள், மலையில் குடித்துவிட்டு இறங்கியவன் அவன் என்று.

அந்தச் சிறுபெண் இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நான் சொன்னது அவள் வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை. நீ சொன்னதுதான் போய்ச் சேர்ந்தது. அக்காள் சொன்னால் பாசம். மெக்கானிக் சொன்னால்தான் உண்மை. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை. ஜெயிலுக்குப் போ என்று கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம், வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

வண்டியை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். போல்ட்டைக் கொடுக்கவில்லை. மில்லில் தராசுக்குப் பக்கத்தில், ஒரு மூடியில் வைத்திருக்கிறேன். மாவு அரைக்க வருகிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். பசை மீதி இருக்கிறது, சில்வர் இருக்கிறது, குங்குமம் மங்கிவிட்டது. மில் ஓடும்போது அந்தக் கை பெல்ட்டுக்குக் கீழே நீளும். இப்போது அது எந்த நம்பரைக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். அது ஸ்பேனர் இல்லை, உன் வாயிலிருந்து வர வேண்டிய சொல். என்னிடம் இல்லாத ஒன்றை எப்படி வைப்பேன்.

என் பங்கை நான் நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். உன் பங்கு மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு வந்து உட்கார்ந்தாயே, அதே வாசலுக்கு வா. பெஞ்ச் போடுகிறேன். அன்றைக்கு இருந்தவர்களை எல்லாம் கூப்பிடுகிறேன், அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிற்க வைக்கிறேன். போல்ட்டைக் கையில் வாங்கு. புரட்டிப் பார். பார்த்துவிட்டு, அன்று எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ அவ்வளவு சத்தமாகச் சொல்.

உடைந்த போல்ட்டின் மேல் அந்த நட்டை ஒட்டியது யார்?